பழைய கணினிகளும் தமிழ் எழுத்தும்



தமிழ் வலைப்பதிவுகள் முளைவிட்ட 2003, 2004ஆம் ஆண்டுகளில் அவற்றைப் படித்தவர்கள் ஓர் அறிவிப்பை மறந்திருக்க மாட்டார்கள். எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பக்கத்தின் உச்சியிலேயே எழுதி வைத்திருப்பார்கள். அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கட்டமாகத் தெரிகிறவருக்கு அந்த அறிவிப்பும் கட்டமாகத்தானே தெரியும்! ஆகவே, விவரம் அறிந்தவர்கள் அதை ஆங்கிலத்தில் எழுதினார்கள். அல்லது படமாக்கி ஒட்டி வைத்தார்கள்.

அந்தக் கட்டங்களுக்குப் படிப்பவர் காரணமல்லர்; எழுதியவரும் காரணமல்லர். கணினியின் இயங்குதளம் பழையது என்பதே காரணம்.

பழைய கணினிகளுக்குப் புதிய இயங்குதளப் புதுப்பிப்புகளைத் தொடர்ந்து வழங்க வேண்டுமா என்னும் கேள்வி இப்போது மீண்டும் எழுந்துள்ளது. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிவுக்கு வந்ததே அதற்குக் காரணம். புக்கிட் செந்தோசா, ரவாங் தொடங்கி கோலசிலாங்கூர்த் தோட்டப்புறங்கள் வரை, பிள்ளைகளின் கணினி நன்றாகத்தானே ஓடுகிறது, இதைத் தூக்கிப் போட வேண்டுமா என்று பெற்றோர் கேட்கின்றனர். பாதுகாப்பு, செலவு, மின்கழிவு ஆகிய மூன்றையும் வைத்தே இக்கேள்வி பொதுவாகப் பேசப்படுகிறது. தமிழர்களாகிய நமக்கு நான்காவதாக ஒன்றும் உண்டு. நம் எழுத்தே இயங்குதளப் புதுப்பிப்பின் வழியாகத்தான் கணினிக்குள் முறையாகக் குடியேறியது. அந்த வரலாற்றை அறிந்துகொண்டால் இன்றைய கேள்விக்கு விடை காண்பது எளிதாகும்.

எழுத்துருவுக்குள் இருந்த தமிழ்

கணினித் தமிழின் தொடக்க வரலாற்றில் நம் நாட்டிற்குச் சிறப்பான இடமுண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் முரசு மென்பொருளை உருவாக்கினார். பின்னர் வந்த முரசு அஞ்சல் மின்னஞ்சலிலும் இணையத்திலும் தமிழை உலகெங்கும் கொண்டு சென்றது. அக்காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே உத்தியைக் கையாண்டன. ஆங்கில எழுத்துகளும் பிற குறிகளும் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்துவிடுவார்கள். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலத்தையே சேமிக்கிறது; திரையில் மட்டும் தமிழ் தெரிகிறது.

இவ்வுத்தியில் ஒரு நன்மை இருந்தது. இயங்குதளத்தின் தயவு தேவையில்லை. எவ்வளவு பழைய கணினியாயினும் எழுத்துருக் கோப்பு ஒன்றை நிறுவிவிட்டால் தமிழ் தெரியும். தீமையோ அதைவிடப் பெரிது. எந்த இடத்தில் எந்த எழுத்தை வைப்பது என்பதில் ஆளுக்கொரு முறை. பாமினி எழுத்துருவில் தட்டியதை முரசில் திறந்தால் ஒன்றும் புரியாது. ஒரு பள்ளியில் உருவாக்கிய பயிற்றித் தாளை இன்னொரு பள்ளியில் திறக்க வேண்டுமானால், வட்டில் எழுத்துருவையும் சேர்த்துக் கொடுத்தனுப்ப வேண்டும். நாற்பது வயதைக் கடந்த ஆசிரியர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க அறிஞர்கள் கூடினர். 1997ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நா.கோவிந்தசாமி முன்னின்று நடத்திய மாநாடு, 1999இல் சென்னையில் நடந்த மாநாடு, 2001ஆம் ஆண்டு ஆகஸ்டில் நம் கோலாலம்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாடு எனத் தொடர்ந்தன. தஸ்கி, தாப், தாம் என்று பல குறியீட்டு முறைகள் முன்மொழியப்பட்டன. அவற்றுள் எது சிறந்தது என்று நடந்த வாதங்களை எழுதப் புகுந்தால் தனி நூலாகிவிடும். இறுதியில் நிலைத்தது ஒருங்குறியே. தமிழக அரசும் 2010ஆம் ஆண்டில் அதனை ஏற்றது.

கொக்கு என்னும் சொல்

1991ஆம் ஆண்டில் வெளிவந்த முதற்பதிப்பிலேயே ஒருங்குறியில் தமிழுக்கென இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. எனினும், வீட்டுக் கணினிகளில் அது புழக்கத்திற்கு வரப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. ஏன் இத்தனைக் காலத்தாழ்வு?

முதலாம் ஆண்டு மாணவன் எழுதும் ‘கொக்கு’ என்னும் சொல்லைப் பாருங்கள். ஒருங்குறியில் ‘கொ’ என்பது முதலில் ககர உயிர்மெய், அதன் பின் ஒகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படும். நாம் ஒலிக்கும் முறைக்கு அது பொருத்தமானதே. ஆனால், திரையில் அவ்வொற்றைக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் சென்று அமர வேண்டும். இதை எழுத்துரு தனியாகச் செய்ய இயலாது. இயங்குதளத்திற்குள் எழுத்துகளைக் கோத்து அடுக்கும் ஒரு பொறி இருக்க வேண்டும். அப்பொறி இல்லாத கணினியில் கொம்பு தவறான பக்கத்தில் தொங்கும். எழுத்துருவும் இல்லையென்றால் கட்டங்களே தெரியும்.

அந்தப் பொறியும் ‘லதா’ என்னும் தமிழ் எழுத்துருவும் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த விண்டோஸ் 2000 பதிப்பில் இடம்பெற்றன. அது அலுவலகங்களுக்கென்று வந்த பதிப்பு. வீடுகளிலும் சிறு கடைகளிலும் தோட்டப்புற இளைஞர்கள் வாங்கிய இரண்டாம் கைக் கணினிகளிலும் இருந்ததோ விண்டோஸ் 98. தமிழைக் காட்டும் திறன் அதற்கு அளிக்கப்படவே இல்லை.

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 98 கைவிடப்பட்ட பதிப்பாக அப்போது இருக்கவில்லை. அதற்கான ஆதரவை 2004ஆம் ஆண்டு சனவரியில் நிறுத்துவதாக முதலில் திட்டமிட்டிருந்தனர். வளரும் நாடுகளில் அதனை இன்னும் பலர் பயன்படுத்துகின்றனர் என்பதைக் கருத்தில் கொண்டு, மைக்ரோசாப்ட் நிறுவனம் 2006ஆம் ஆண்டு ஜூலை வரை அதை நீட்டித்தது. எட்டாண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைத்தன. தமிழ் மட்டும் கிடைக்கவில்லை. ஆக, ‘புதுப்பிப்பு’ என்னும் ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன. ஓட்டையை அடைப்பது ஒன்று. புதிய ஆற்றலைத் தருவது மற்றொன்று.

உமர் தம்பி செய்த வேலை

நிறுவனம் செய்யாததை ஒரு தனிமனிதர் செய்தார். தஞ்சை மாவட்டத்து அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி, ‘தேனீ’ என்னும் ஒருங்குறி எழுத்துருவை உருவாக்கி இலவசமாக அளித்தார். அதையே இயங்கு எழுத்துருவாகவும் ஆக்கிக் கொடுத்தார். வலைப்பக்கத்தில் சில வரிகளைச் சேர்த்துவிட்டால், படிப்பவர் எதையும் நிறுவாமலேயே எழுத்துரு தானாக வந்து இறங்கிக்கொள்ளும். அக்காலத்து இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியின் புதிய பதிப்புகளோடு எழுத்துக்கோக்கும் பொறி சேர்ந்தே வந்தமையால், விண்டோஸ் 98 கணினியிலும் ‘கொக்கு’ கொக்காகவே தெரிந்தது. உலாவியின் தலைப்புப் பட்டையில் மட்டும் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

வலைப்பதிவர் பலர் அவ்வரிகளைத் தத்தம் பக்கங்களில் சேர்த்துக்கொண்டனர். புதிய கணினி வாங்க வழியில்லாத எத்தனையோ பேர் அதனால் தமிழ் படித்தனர். உமர் தம்பி 2006ஆம் ஆண்டு ஜூலை மாதம் காலமானார். விண்டோஸ் 98க்கான ஆதரவு முற்றாக நின்றதும் அதே மாதத்தில்தான்.

பழைய கணினிக்குப் புதிய ஆற்றலைக் கொடுப்பது தொழில்நுட்ப அடிப்படையில் இயலாது என்று எவரேனும் சொல்லும்போதெல்லாம் எனக்கு இவர் நினைவுதான் வரும். பெரிய நிறுவனத்தின் பின்பலம் இல்லாமல், ஊதியம் வாங்காமல் செய்த வேலை அது.

குறுந்தட்டு இல்லாதவர்கள்

2001ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி தமிழை அறிந்திருந்தது. ஆயினும், அறிந்ததை வெளியே காட்டாமல் வைத்திருந்தது. கட்டுப்பாட்டுப் பலகத்திற்குச் சென்று, வட்டார மொழி அமைப்பைத் திறந்து, சிக்கலான எழுத்துமுறைகளுக்குரிய கோப்புகளை நிறுவுமாறு ஒரு சிறு கட்டத்தில் குறியிட வேண்டும். உடனே கணினி எக்ஸ்பி குறுந்தட்டைக் கேட்கும். கடையில் கணினி வாங்கியபோது பலருக்கு அக்குறுந்தட்டு கொடுக்கப்படவே இல்லை. உரிமமுள்ள தட்டு எத்தனை வீடுகளில் இருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். ஒரே குறுந்தட்டு லயத்தில் வீடு வீடாகப் பயணம் செய்த காலம் அது. 2007ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கு வந்த விஸ்டா பதிப்பில்தான் இந்தத் தொல்லை நீங்கியது. ஆனால், எக்ஸ்பிக்கு 128 மெகாபைட் நினைவகம் போதுமாயிருக்க, விஸ்டாவோ குறைந்தது 512 கேட்டது. நன்றாக ஓட ஒரு கிகாபைட் வேண்டும் என்றது. தமிழ் இயல்பாகத் தெரிய வேண்டுமானால் கணினியையே மாற்ற வேண்டும் என்றாயிற்று.

கைப்பேசியில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2013ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 7 பதிப்பை வெளியிட்டபோது, அஞ்சல், தமிழ்99 ஆகிய இரு விசைமுகங்களும் அதில் உள்ளடங்கி வந்தன. 2010இல் வெளிவந்த ஐபோன் 4 வைத்திருந்தவர் ஒரு காசும் செலவழிக்காமல் எச்செயலியிலும் தமிழில் தட்டத் தொடங்கினார். அதற்கு ஓராண்டு முந்திய ஐபோன் 3ஜிஎஸ் வைத்திருந்தவருக்கு அப்பதிப்பு வழங்கப்படவில்லை. அவருக்கு அந்த விசைமுகங்களும் இல்லை. எங்கே கோடு கிழிக்கிறார்களோ அங்கே நம் எழுத்தும் நின்றுவிடுகிறது. முழு உண்மையையும் சொல்ல வேண்டுமானால், ஐபோன் 4இல் ஐஓஎஸ் 7 மெதுவாக ஓடுகிறது என்று அன்று பலர் குறைபட்டனர். புதிய ஆற்றல் பழைய உடலுக்குச் சுமையாகவும் ஆகலாம்.

நம் பள்ளிகளுக்கு வந்த கருவிகள்

2003ஆம் ஆண்டில் கணித அறிவியல் பாடங்கள் ஆங்கிலத்திற்கு மாறியபோது, ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் ஒளிவீழ்த்தியும் பாடக் குறுந்தட்டுகளும் வழங்கப்பட்டன. அத்திட்டத்தைப் பற்றிய என் கருத்து ஒருபுறம் இருக்கட்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பலரின் கைக்கு முதன்முதலாகக் கணினி வந்தது அதன் வழியாகத்தான். 2011இல் தொடங்கி 2019இல் முடிந்த 1பெஸ்தாரிநெட் திட்டக் காலத்தில் குரோம்புக் கருவிகள் வந்தன. பெருந்தொற்றின்போது, 2021ஆம் ஆண்டில், செர்டிக் திட்டத்தின் கீழ் வசதி குறைந்த மாணவர்களுக்கு 150,000 கருவிகள் வழங்குவதாக அறிவிக்கப்பட்டது.

குரோம்புக் பற்றிப் பெற்றோர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அக்கருவி ஒவ்வொன்றுக்கும் தானியங்கிப் புதுப்பிப்பு முடியும் நாள் ஒன்று முன்கூட்டியே குறிக்கப்பட்டுள்ளது. அந்நாள் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து கணக்கிடப்படுவதன்று. அவ்வகைக் கருவி முதன்முதலில் சந்தைக்கு வந்த காலத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. மூன்றாண்டு கழித்து மலிவு விலையில் வாங்கியவர் மூன்றாண்டுகளை இழந்தே வாங்குகிறார். தொடக்கத்தில் அந்த ஆயுள் ஐந்தாண்டு அளவே இருந்தது. பிறகு ஆறரை ஆண்டாயிற்று. 2020இல் புதிய கருவிகளுக்கு எட்டாண்டாயிற்று. 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கப் பொதுநல அமைப்பு ஒன்று, பள்ளிகள் நல்ல நிலையிலுள்ள குரோம்புக்குகளைக் குப்பையில் கொட்ட நேரிடுவதை எடுத்துக்காட்டி அறிக்கை வெளியிட்டது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே கூகுள் நிறுவனம் பத்தாண்டு என்று அறிவித்தது. இயலாது என்று கருதப்பட்டது கேட்டதும் இயன்றது என்றால், முன்னைய ஐந்தாண்டு வரம்பு எந்த அளவுக்குத் தொழில்நுட்பக் கட்டாயம், எந்த அளவுக்கு வணிக முடிவு என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

விண்டோஸ் 11 கதையும் ஏறத்தாழ இத்தகையதே. 2021 அக்டோபரில் வந்த அப்பதிப்பு, பாதுகாப்புச் சில்லின் புதிய வகையையும் குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்திய செயலியையும் கட்டாயமாக்கியது. 2016ஆம் ஆண்டில் வாங்கிய கணினி எவ்வளவு நன்றாக ஓடினாலும் அதற்கு வாயில் அடைபட்டுவிட்டது. விண்டோஸ் 10க்கு மேலும் பாதுகாப்புத் திருத்தம் வேண்டுவோர்க்குத் தனிநபர் கணினிகளுக்கு 2026 அக்டோபர் வரை வழி செய்துள்ளனர். கல்விக்கூடங்களுக்கோ மூன்றாண்டுகள்: கணினி ஒன்றுக்கு முதலாண்டு ஓர் அமெரிக்க டாலர், அடுத்த ஆண்டு இரண்டு, மூன்றாம் ஆண்டு நான்கு. முதலாண்டுக் கட்டணம் நம் பணத்தில் ஏறத்தாழ நான்கு வெள்ளி. பழைய கணினிக்கூடத்தை மூடிவிடலாமா என்று ஆலோசிக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இதை அறிந்திருத்தல் நலம்.

எது கடமை, எது விருப்பம்

நிறுவனங்களின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. பல்லாயிரம் வகைக் கணினிகளில் ஒவ்வொரு திருத்தத்தையும் சோதித்துப் பார்க்கச் செலவு உண்டு. இருபதாண்டுக்கு முந்திய செயலிக்காகப் புதிய பாதுகாப்பு முறைகளைக் கைவிடவும் முடியாது. இலவச மென்பொருள் உலகமே இதற்குச் சான்று. பழைய கணினிகளின் புகலிடம் என்று பேசப்பட்ட டெபியன் லினக்ஸ், 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்போடு 32 பிட் கணினிகளுக்கான நிறுவியை நிறுத்திவிட்டது.

ஆயினும், ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை நான் வேறு தட்டில் வைக்கிறேன். 2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் ‘வான்னாகிரை’ என்னும் கொந்தர் நிரல் பரவிப் பிரிட்டன் மருத்துவமனைகள் வரை முடங்கியபோது, மூன்றாண்டுக்கு முன்பே ஆதரவு நின்றுபோன எக்ஸ்பிக்கும் மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்டது. ஒரு பழைய கணினியின் ஓட்டை அதன் உரிமையாளரை மட்டும் தாக்குவதில்லை. வலையமைப்பில் உள்ள அனைவரையும் தாக்குகிறது. ஆகவே, கருவி உழைக்கும் காலம் வரை இத்திருத்தங்களை வழங்குவது விற்றவரின் கடமை என்றே கருதுகிறேன். அதே நிகழ்வில் இன்னொரு பாடமும் உண்டு. அன்று தாக்குண்டவற்றுள் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அவற்றுக்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளிவந்திருந்தது. நிறுவாமல் விட்டவர்களே அகப்பட்டனர். ‘பிறகு செய்’ என்னும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கும் பெற்றோர்கள் இதைக் கருத வேண்டும்.

புதிய அழகும் புதிய வசதிகளும் விருப்பத்திற்குரியவை. அவை பழைய கணினிக்கு வராமற்போனால் பெரிய இழப்பில்லை. எழுத்தை அந்த வரிசையில் சேர்த்ததுதான் பிழை. மொழியின் எழுத்து வசதியன்று.

மாற்றுவழி உண்டா என்றால், உண்டு. கேரள அரசுப் பள்ளிகள் பல்லாண்டுகளாக லினக்ஸையே பயன்படுத்தி வருகின்றன. தமிழக அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தது. நம் நாட்டிலும் 2004ஆம் ஆண்டில் அரசுத் துறைகளுக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டம் வெளியிடப்பட்டது. விண்டோஸ் 11 ஏற்க மறுக்கும் 64 பிட் கணினியில் லினக்ஸ் இன்றும் நன்றாக ஓடும். தமிழும் குறையின்றித் தெரியும். நிறுவிக் கொடுக்கவும் பிறகு வரும் ஐயங்களைத் தீர்க்கவும் பள்ளிக்கு ஓர் ஆள் வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் இடறுகிறது.

முந்திரியும் மாகாணியும்

எழுத்து வந்து சேர்ந்துவிட்டது, இனி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். ஒருங்குறி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ‘ஶ’ என்னும் கிரந்த எழுத்து 2005ஆம் ஆண்டில்தான் அதில் சேர்ந்தது. முந்திரி, மாகாணி முதலிய தமிழ்ப் பின்னங்களுக்கும் பழைய அளவைகளுக்கும் உரிய 51 குறிகள் 2019ஆம் ஆண்டு மார்ச்சில் சேர்ந்தன. அதற்கு முன்பே புதுப்பிப்பு நின்றுபோன கணினியில் இப்பின்னங்களை இட்டுப் பாருங்கள். இருபதாண்டுக்கு முன் பார்த்த அதே கட்டங்கள் தெரியும். நல்லவேளையாக இவை கொம்பும் காலும் பிரியாத தனிக் குறிகள். இவற்றுக்கென வெளியிடப்பட்டுள்ள நோட்டோ எழுத்துருவை நிறுவினாலே பெரும்பாலும் போதும். உமர் தம்பி காட்டிய வழிதான் இது.

பழைய கணினியைக் கழிக்க முடிவு செய்துவிட்ட ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதனுள் பாமினியிலோ தஸ்கியிலோ தட்டிய பயிற்றிகள், தேர்வுத்தாள்கள், பள்ளி ஆண்டிதழ்க் கட்டுரைகள் இருக்கக்கூடும். கோப்புகளை மட்டும் படியெடுத்துவிட்டு எழுத்துருவை விட்டுவிட்டால், புதிய கணினியில் அவை ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியலாகவே திறக்கும். எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுத்து வையுங்கள். இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளைக் கொண்டு ஒவ்வொன்றாக ஒருங்குறிக்கு மாற்றிவிட்டு, மாறிய கோப்பை ஒருமுறை மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கும். அந்த வேலை முடியும் வரை பழைய கணினியை இணையத்தோடு இணைக்காமல் ஒரு மூலையில் வைத்திருக்கலாம்.